ஏழாவது ஜெபக் குறிப்பு

சாத்தான் ஒரே மாதத்தில் என்னை நூற்றுப் பன்னிரண்டு முறை தாக்கினான். இது குத்துமதிப்பு அல்ல, எண்ணி எழுதியது. நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், தாக்குதலின் தன்மை, தாக்கியவர் என்று ஐந்து கட்டங்கள் போட்டிருந்தேன். ஐந்தாவது கட்டத்தில் முதல் வரியில் மட்டும் ‘சாத்தான்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே நூற்றுப் பதினொரு முறை ‘மேற்படி’.

மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது வீட்டுக்குப் பதினெட்டுப் படி. ஓய்வு பெற்றபின் வந்து சேர்ந்த துவாரகா வீட்டுக்கு ஐம்பத்து நான்கு. வயது எழுபத்தைந்து, பற்கள் பத்தொன்பது, மனைவி ஒன்று. அவள் மோதி பாக்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியை விட்டு வந்தாளே தவிர, சிவப்புப் பேனாவை விட்டுவிட்டு வரவில்லை.

நோட்டுப் போட்ட கதை இது. கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய ஆலயத்தில் எங்கள் தமிழ்ச் சபை கூடுகிறது. காலையில் ஆங்கிலம், பிறகு இந்தி, எல்லாரும் போய் விசிறிகள் சூடேறிய பிறகு மாலை நாலு மணிக்கு நாங்கள். ஒரு முறை ஊரிலிருந்து பிரசங்கியார் ஒருவர் வந்து மூன்று மாலைகள் ஆவிக்குரிய யுத்தத்தைப் பற்றிப் பேசினார். எதிரி இப்போது கொம்பும் வாலுமாக வருவதில்லை, கைபேசியில் வருகிறான், சீரியலில் வருகிறான், தெரிந்தவர் குரலில் வருகிறான் என்றார். வஞ்சிக்கப்படுகிறவனுக்குத் தான் வஞ்சிக்கப்படுவது தெரியாது என்றார். முதல் நாள் மட்டும் ‘எச்சரிக்கை’ என்ற சொல்லை இருபத்தேழு முறை சொன்னார். மூன்றாம் நாள் முடிவில் கையை நீட்டி, “போன வாரம் எதிரி உங்களை எத்தனை தடவை தாக்கினான்? யாராவது சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனை என்று ஒருவர் கேட்டு, நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. மறுநாள் காலை கடை திறந்ததும் நோட்டு வாங்கினேன்.

தலையில் சோப்பு இருக்கும்போது தண்ணீர் நின்றது. எழுதினேன். மெட்ரோவில் நான் கால் வைத்ததும் நகரும் படி நகர மறுத்தது. எழுதினேன். மூன்று ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள், மூன்று வரி. ஆராதனையில் ஜெபத்துக்கு நடுவே காதுமிஷினின் பாட்டரி தீர்ந்தது. அது பெரிய தாக்குதல் என்பதால் அடிக்கோடு போட்டேன். பால்கனியில் இருந்த வாழைப்பழத்தைக் குரங்கு தூக்கிக்கொண்டு போனதையும் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

“குரங்கு செஞ்சதுக்குமா சாத்தான்?”

“ஜெபத்துக்கு உட்கார்ற நேரம் பார்த்து வந்துச்சு. நேரத்தைக் கவனி.”

“அது பழம் இருக்கிற நேரம் பார்த்து வந்துச்சு. உங்களுக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? காலையில இருந்து எம்மேல நாலு தடவை எரிஞ்சு விழுந்தீங்களே, அது எந்தக் கட்டத்துல வருது?”

அதற்குக் கட்டம் இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏமாறாதவன் என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்பு இருந்தது. போலீஸ் அதிகாரி என்று ஒருவன் போனில் கூப்பிட்டு, என் பேரில் வந்த பார்சலில் ஏதோ இருப்பதாக மிரட்டினான். நான் அவனிடம் பதினோரு கேள்வி கேட்டேன். பன்னிரண்டாவதுக்கு அவனே போனை வைத்துவிட்டான். பேரன் குரலில் அழுத ஒருவனிடம் அவனுடைய ஞானஸ்நானம் எந்தக் கிழமை நடந்தது என்று கேட்டேன். பதிலைக் காணோம். இந்தச் செய்தியைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் என்று சபை அம்மாள் ஒருத்தி அனுப்பியதற்கு, பதினோரு பேரும் ஆளுக்குப் பதினோரு பேருக்கு அனுப்பினால் ஒன்பதாவது சுற்றில் இந்தியாவில் ஆள் போதாது என்று கணக்குப் போட்டு அனுப்பினேன். அந்த அம்மாள் அதன்பிறகு எனக்கு எதுவுமே அனுப்புவதில்லை. நோட்டில் இவற்றையெல்லாம் ‘வெற்றி’ என்று தனியாகக் கூட்டி வைத்திருந்தேன்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், ஜெபக் குறிப்புகளை என்னிடம் ஒப்படைத்தார். சபையின் கைபேசிக் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று பேர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வேண்டுதல்கள் வாரம் முழுக்க வந்து குவியும். நான் அவற்றை நோய், பரீட்சை, விசா, இடமாற்றம், திருமணம் என்று பிரித்து, எண் போட்டு, வெள்ளி காலையில் வெளியிடுவேன். மற்றவர்களிடம் சொல்லக் கூடாத காரியம் என்றால் ‘பெயர் வேண்டாம்’ என்று போடுவோம். எங்கள் ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்த வசதி. ஆலய வாசலில் நின்று சொன்னால் புறணி. அதையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், பிறருக்காக மனம் கனக்கிற ‘பாரம்’.

இனி, இந்தக் கதைக்குக் காரணமான சகோதரி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், கணவர் இல்லை, ஒரே மகள். மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்பக்கம் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பாள். யாரும் அவளிடம் கேட்டுக்கொண்டதில்லை. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். என் எண்ணை மட்டும் குனிந்து காதோடு சொல்வாள். சத்தமாகச் சொன்னால் அதைக் கேட்டே எனக்கு இன்னும் பத்து ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மகளுக்கு எங்கள் சபையிலேயே மாப்பிள்ளை அமைந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் ஊர்க்காரர் ஒருவரின் மகன். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஐயர் சபை நடுவே படிப்பார். முதல் ஓலை வாசித்த ஞாயிறு அந்தச் சகோதரி பட்டுச் சேலையோடு மேசைக்கு வந்து, எல்லாரிடமும் எண்ணையும் ஆளுக்கொரு லட்டையும் கொடுத்தாள். சர்க்கரை இருக்கிற ஆறு பேருக்கு எண் மட்டும்.

அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமைதான் நான் அவளை அங்கே பார்த்தேன். என் முட்டி வலிக்கு மோதி பாக் டிஸ்பென்சரியில் ஆறு செவ்வாய்கள் கரண்ட் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு எதிரே ஒரு சின்ன அனுமார் கோவில். தில்லியில் செவ்வாய்க்கிழமை அனுமார் கோவில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து நெற்றியில் செந்தூரம், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, கையில் பூந்தி பொட்டலத்தோடு அவள் இறங்கி வந்தாள்.

நான் ஒரு பழச்சாறு வண்டிக்குப் பின்னால் மறைந்தேன். நான் எதற்கு மறைந்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அடுத்த செவ்வாயும் பார்த்தேன். இரண்டாம் ஓலை வாசித்த பிறகு வந்த செவ்வாயும் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல் உண்டு. ஒன்று தற்செயல், இரண்டு சந்தேகம், மூன்று முடிவு.

அவளிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது தோன்றவேயில்லை. முப்பத்தாறு ஆண்டு வேலையில் நான் ஒரு மனிதரிடமும் எதையும் கேட்டதில்லை. யாரோ கேட்டு நிரப்பிய படிவங்கள் என் மேசைக்கு வரும், நான் கூட்டுவேன். ஒரு நல்ல ஆத்துமாவை எதிரி பிடித்துவிட்டான், அதுவும் மகள் கல்யாண நேரத்தில், அதைக் கண்டுபிடிக்கிற கண் சபையில் எனக்குத்தான் இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதை அப்போது பாரம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், பரீட்சையில் பதில் தெரிந்த பையனின் படபடப்பு அது.

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏழாவதாக இப்படிப் போட்டேன்:

‘ஒரு சகோதரிக்காக. பெயர் வேண்டாம். செவிலியர். மோதி பாக். தொடர்ந்து மூன்று செவ்வாய்க்கிழமைகள் அந்நிய வழிபாட்டில் காணப்பட்டார். எதிரியின் வஞ்சகத்திலிருந்து விடுபட.’

இரண்டு மணி நேரத்தில் முப்பத்தெட்டு கூப்பிய கைகள் வந்தன. அதுவரை என் பட்டியலுக்கு வந்த அதிகபட்சம் இருபத்தொன்று. ஒருவர், ‘யாரென்று புரிந்தது, கண்ணீரோடு ஜெபிக்கிறேன்’ என்று போட்டிருந்தார். இன்னொருவர் ‘எந்த பிளாக்?’ என்று கேட்டிருந்தார். அன்று முழு உபவாசம் இருந்தேன். பசியே தெரியவில்லை.

மூன்றாம் ஞாயிறு. இரண்டாவது பாட்டுக்குப் பிறகு ஐயர் அறிவிப்புகளைப் படித்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சை, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்தல். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாம் ஓலை வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுப் பிரசங்கத்துக்குப் போய்விட்டார்.

ஆராதனை முடிந்து பின்பக்கம் போனால் மடக்கு மேசை சுவரில் சாய்ந்திருந்தது. கிழடுகள் ஆறு பேர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார்கள். ஏழாவதாக நானும் சுருட்டினேன். சும்மா நிற்கப் பிடிக்காமல் மறுபடி இறக்கினேன்.

திரும்பும்போது மெட்ரோவில் மனைவி என் போனைக் கேட்டாள். அவள் சபைக் குழுவைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் படிப்பதே கிடையாது. பட்டியலை வீட்டில் நான் உரக்கப் படித்துச் சரிபார்ப்பதால் அவளுக்கு அது தேவையில்லை. அந்த வாரம் மட்டும் நான் உரக்கப் படிக்கவில்லை. அதையும் பிறகுதான் கவனித்தேன்.

“ஏழாவது யாருங்க?”

“பெயர் வேண்டாம்னு போட்டிருக்கேன்ல.”

“பேரு மட்டும்தான் இல்ல. நம்ம சபையில மோதி பாக்குல எத்தனை நர்ஸ்?”

அந்த எண் எனக்குத் தெரியும். ஒன்று.

“ஆதார் நம்பரையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தபடி, “இன்னைக்கு ஓலை ஏன் வாசிக்கலைன்னு தெரியுதா உங்களுக்கு?” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று இரண்டு ஞாயிறு ஐயர் கேட்டிருக்கிறார். நான் தெரிவித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தினவன் நான். அதுவும் ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லும் தைரியமில்லாமல், எண் போட்டு. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். என் முகம் எப்படி இருந்ததோ.

திங்கட்கிழமை காலையிலேயே மனைவி என்னைக் கிளப்பினாள். முட்டி வலிக்கிறது என்றேன். நாளைக்கு எப்படியும் டிஸ்பென்சரிக்குப் போகத்தானே வேண்டும், நாளைக்கே பார்த்துக்கொள்ளலாம் என்றேன். “போன செவ்வாய் மறைஞ்சு நிக்கும்போது முட்டி வலிக்கலையா?” என்றாள். அவளிடம் பழச்சாறு வண்டியைப் பற்றிச் சொன்னது என் தப்பு.

கதவைத் திறந்தது மகள்தான். தில்லியில் பிறந்து வளர்ந்தவள், தமிழில் பாதியும் இந்தியில் மீதியுமாகப் பேசுகிறவள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, “மம்மி, ப்ரேயர் பாயிண்ட் அங்கிள் ஆயே ஹைன்” என்றாள். ஜெபக் குறிப்பு அங்கிள் வந்திருக்கிறாராம். எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்த வீட்டில் அது இனி பயன்படாது என்று புரிந்தது.

சகோதரி வந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டில் கயிறு இருந்தது. என் கண் அதில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“கீழ் வீட்டு மாமிக்கு ரெண்டு வருஷமா கண்ணு தெரியாது அங்கிள். மாமா போயாச்சு. மகன் அமெரிக்காவுல. செவ்வாய்க்கிழமை அந்தக் கோவிலுக்குப் போகாம இருந்ததில்ல, அம்பது வருஷமா. அந்தக் கூட்டத்துல தனியா விட்டா விழுந்துருவாங்க. நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“செந்தூரம்...” என்றேன்.

“அவங்கதான் வைப்பாங்க. நெத்தி எங்க இருக்குன்னு தடவிப் பாத்து வைப்பாங்க. சில நேரம் மூக்குலயும் வைப்பாங்க. வீட்டுக்கு வந்து கழுவிருவேன். கயித்த மட்டும் கழட்ட மாட்டேன். நடுவுல வந்து கையத் தொட்டுப் பாப்பாங்க.”

மாமியையும் நான் பார்த்திருக்கத்தானே வேண்டும் என்று யோசித்தேன். பார்த்திருக்கிறேன். மூன்று செவ்வாயும் அவளுக்குப் பின்னால் ஒரு குள்ளமான கிழவி படியிறங்கினாள். அவளை நான் எண்ணவில்லை. கூட்டத்தோடு சேர்த்துவிட்டேன்.

“குரூப்புல நீ பதில் போட்டிருக்கலாமேம்மா” என்றாள் என் மனைவி.

“என்னன்னு போட ஆன்ட்டி? அது நானில்லன்னு போட்டா நான்தான்னு ஆயிரும். போடாட்டா தப்பு செஞ்சவ மாதிரி ஆயிரும். பேரே இல்லாத ஒண்ணுக்கு எப்படி மறுப்பு சொல்றது? மொதல்ல எனக்குப் புரியவே இல்ல. டூட்டி நேரத்துல அவசரமாப் பாத்தேன். யாரோ பாவம்னு நானும் கை கூப்பிப் போட்டேன். பஸ்ல வரும்போதுதான், மோதி பாக்குல வேற நர்ஸ் யாருன்னு யோசிச்சேன்.”

முப்பத்தெட்டில் ஒன்று அவளுடையது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து நான் பூரித்துப் போயிருந்தேன்.

எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்று எழுபத்தெட்டுக்கு நூறு. “இந்த பிரஷர்ல மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். தண்ணி குடிங்க” என்றாள். குடித்தேன். “எங்கிட்ட கேட்டா நான் குடுத்துருவேன் அங்கிள். அது சுலபம். ஓலைய நிறுத்தினது நானில்லையே. அந்த வீட்டுல போய்ச் சொல்லுங்க.”

மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால் படியிறங்குவது எளிதாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா எங்கள் ஊர்ப் பேச்சை ராணுவ முகாம்களுக்கெல்லாம் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவர். மறுநாள் அவர் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், “வாரும் வே. பட்டியல்ல எட்டாவது எடுத்துட்டு வந்தீரா?” என்றார்.

நான் உட்காராமலே முழுவதையும் சொன்னேன். கண் தெரியாத மாமியை, கயிற்றை, பழச்சாறு வண்டியை. அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“வேற எவனாவது எழுதியிருந்தா கழுதைன்னு விட்டிருப்பேன் அண்ணாச்சி. எம்பொண்டாட்டி கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்த மனுசன் முசுடு, அறுவை, ஆனா எண்ணிக்கையில தப்பமாட்டாருன்னேன். மூணு செவ்வாய்னா மூணு செவ்வாய்தான்னேன். அப்புறந்தான் ஐயர்கிட்டப் போய் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.”

“எண்ணிக்கை சரிதான்” என்றேன். அது எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“எண்ணிக்கை சரிதான் வே. அதான் வெசம். சும்மா பொய் சொல்லியிருந்தீர்னா எவன் நம்பியிருப்பான்?” அவர் எழுந்தார். “நான் நம்பிட்டேன், எம்பொண்டாட்டிக்கும் சொல்லிருதேன். ஆனா ஊருக்கு எப்படிச் சொல்லுவேன்? குரூப்புல கட்டினத குரூப்புலதான் அவுக்கணும். நீர் அவுக்கீரா இல்லையா?”

அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஒன்பது முறை எழுதினேன். முதல் பிரதி ஒன்றரைப் பக்கம். அதில் என் முட்டி வலி, டிஸ்பென்சரி இருக்கும் திசை, நல்ல நோக்கம், கடைசிக் காலத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதன் அவசியம் எல்லாம் இருந்தன. மனைவி சிவப்புப் பேனாவை எடுத்தாள். ‘ஒருவேளை யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்’ என்பதை அடித்தாள். “ஒருவேளையா? நேத்து பார்த்துட்டு வந்தீங்கள்ல?” ‘பாரத்தினால்’ என்பதை அடித்தாள். ‘தவறான தகவலின் அடிப்படையில்’ என்பதை இரண்டு முறை அடித்தாள். “யாரு தந்த தகவல்? தந்ததும் நீங்கதான், வாங்கினதும் நீங்கதான்.”

பிரசங்கியார் சொன்ன, விசுவாசி யுத்தத்துக்கு அணிய வேண்டிய சர்வாயுதவர்க்கத்தை நான் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். தலைக்கு, மார்புக்கு, காலுக்கு, கேடயம், பட்டயம் எல்லாம் சொல்வேன். முதலில் இடுப்பில் கட்ட வேண்டியது சத்தியம் என்ற கச்சை. அதைக் கட்டாமல் மற்ற எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போனவன் எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். நானே சிரித்துவிட்டேன். சிரிப்பு சரியாக வரவில்லை.

ஒன்பதாவது பிரதி இது: ‘சென்ற வெள்ளி ஏழாவது குறிப்பை எழுதியது நான். அந்தச் சகோதரி கண் தெரியாத அண்டை வீட்டு அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனதைப் பார்த்துவிட்டு, கேட்காமல் எழுதினேன். அது பொய். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.’ கீழே என் முழுப் பெயர். ‘பொய் இல்லை, பிழை என்று போடலாமா?’ என்று கேட்டேன். மனைவி பேனாவை மூடிவிட்டாள்.

புதன்கிழமை மாலை நாலு இருபதுக்கு அனுப்பினேன். வியாழன் காலைவரை வந்த கூப்பிய கைகள் நான்கு. அவதூறுக்கு முப்பத்தெட்டு. ஐயர் போனில் கூப்பிட்டு, பட்டியல் வேலையை இனி வேறொருவர் பார்க்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். நான் சரி என்றேன். நீல நோட்டை எடுத்து நூற்றுப் பதின்மூன்றாவது வரியை எழுதினேன். தேதி, நேரம், இடம், தன்மை. ஐந்தாவது கட்டத்தில் ‘மேற்படி’ என்று கை தானாகப் போனது. நிறுத்தி, ‘நான்’ என்று எழுதினேன். அதன்பிறகு அந்த நோட்டில் எதுவும் எழுதவில்லை. முதல் நூற்றுப் பன்னிரண்டையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். குரங்கை விடுதலை செய்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு வந்தது. தாயும் மகளும் வழக்கமான இடத்தில் உட்காராமல் கடைசி வரிசையில் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால். இரண்டாவது பாட்டு முடிந்து ஐயர் அறிவிப்புத் தாளை எடுத்தார். தொட்டி சுத்தம் செய்தாகிவிட்டது. பரீட்சை ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கிறது. கன்வென்ஷனுக்குப் பாடகர் குழு ஒத்திகை. பாய்கள் வாங்க வேண்டும். நாலு விரல் மடக்கினேன். தாளை மடித்தார். என் காதுமிஷின் அணைந்துவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். மனைவி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

ஐயர் மடித்த தாளை வைத்துவிட்டு, அங்கியின் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மூன்றாம் ஓலை என்றார். இரண்டு பெயர்களையும் படித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள், என்று அவர் சொன்னபோது தலையைத் தூக்காமல் என்னை ஒருமுறை பார்த்ததுபோல் இருந்தது. சபையில் பலரும் பார்த்தார்கள். நான் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் மீசைக்காரர், “ஆமென்” என்று பரேடு மைதானத்துக் குரலில் சொன்னார். அந்த இடத்தில் ஆமென் சொல்கிற வழக்கம் கிடையாது.

பின்பக்கம் மேசை போட்டிருந்தது. நான் எட்டாவது ஆள். என் முறை வந்ததும் அவள் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, “நூத்தி அறுபது” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். காதோடு அல்ல. நான் நன்றி சொல்லி எழுந்தேன். அவள் எல்லாருக்கும் சத்தமாகத்தான் சொல்வாள். இப்போது நானும் எல்லாரிலும் ஒருவன். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கல்யாண வாரம் அவளுக்குத் தலைக்குமேல் வேலை. செவ்வாய்க்கிழமை மாமியை யார் கூட்டிப்போவது என்ற கேள்வி வந்தபோது, எனக்கு அன்று டிஸ்பென்சரியில் ஆறாவது செவ்வாய் என்று என் மனைவி அவளிடம் போனில் சொல்லிவிட்டாள். என்னிடம் பிறகுதான் சொன்னாள்.

மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கோவில் வாசலில் நின்றதும் எனக்கு வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. “ஏழு படி மாமி. மூணாவது கொஞ்சம் உயரம்” என்றேன். ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னேன். ஏழில் நின்றாள்.

“ஏழா! ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு ‘பாத்து, பாத்து’ங்கறா. எனக்கு எங்கே பார்க்கறது? எத்தனைன்னு சொன்னா போறும், நானே ஏறிடுவேன். இத்தனை நாளா எங்கே இருந்தேள் நீங்க?”

பழச்சாறு வண்டிக்குப் பின்னால் என்று சொல்லவில்லை.

உள்ளே கூட்டம். வழக்கமாக வரும் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக, நான் வாசலருகே அவள் செருப்பைக் காத்துக்கொண்டு நின்றேன். இறங்கும்போதும் ஏழு எண்ணினேன். கீழே வந்ததும் அவள் கயிற்றை எடுத்து என் கையைத் தேடிக் கட்டினாள். பிறகு விரலில் செந்தூரத்தோடு காற்றில் துழாவினாள். உயரம் எட்டவில்லை. நான் ஒரு கணம் நின்றேன், பிறகு குனிந்தேன். முதலில் மூக்கில்தான் வைத்தாள்.

நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் எங்கள் பாடகர் குழுவில் ஆல்டோ குரலில் பாடும் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. நான் கையை அசைத்தேன், கயிறு கட்டிய கை. அவள் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது அவள் போகும் பக்கத்துப் பஸ் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பட்டியல் வந்தது. இப்போது தொகுப்பவர் எண்களை ஒழுங்காகப் போடுவதில்லை, நாலுக்குப் பிறகு மறுபடியும் நாலு. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது இப்படி இருந்தது: ‘துவாரகாவில் இருக்கும் வயதான ஒரு சகோதரருக்காக. பெயர் வேண்டாம்.’

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்துவிட்டு, “பரவாயில்லையே, மூக்கைப் பத்தி எழுதலை” என்றாள்.

கூப்பிய கை ஒன்றும் இன்னும் வரவில்லை. முதல் கையை நான்தான் போட்டேன்.